பிறந்தநாள் டிப்பரில் எதை ஏற்றுவது: மணலா, தும்புத் தூளா?

கட்டடவேலைத் தீமில் பிள்ளைக்குப் பிறந்தநாள் செய்வதென்று முடிவானதும் நாம் முதலில் ஓடுவது மஞ்சள், கறுப்பு பலூனுக்கும் பின்னால் கட்டும் பெனருக்கும்தான். அதெல்லாம் ஃபோட்டோவுக்கு. நாலு வயதுப் பிள்ளைக்கு ஜேசிபி என்றால் தோண்ட வேண்டும், டிப்பர் என்றால் ஏற்றிக் கொட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுடைய தீம். ஆகவே பெனருக்குப் போகும் காசில் பாதியையும் யோசனையில் முக்கால்வாசியையும் அவர்கள் தோண்டப் போகிற பொருளில் போடுங்கள் என்பேன்.

எங்கள் மகனுக்கு அண்மையில் செய்தபோது மணல், அரிசி பருப்பு, கைனெட்டிக் சாண்ட், பிளாஸ்டிக் பந்து, தேங்காய் மட்டையின் தும்புத் தூள் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் தும்புத் தூளில் வந்து நின்றோம். வெள்ளவத்தையில் ஃப்ளாட்டில் இருக்கிறவள் சொல்வது இது. முற்றம் உள்ள வீட்டுக்காரருக்குக் கணக்கு வேறு, அதையும் சொல்கிறேன்.

ஹோலா, பிளே ஏரியாவா, வீடா என்ற விவாதத்தை இங்கே இழுக்கப் போவதில்லை. சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஹோல், காசு இருந்து நேரம் இல்லையென்றால் பிளே ஏரியா. இரண்டிலும் தரையைத் தோண்டும் விளையாட்டுக்கு இலேசில் சம்மதிக்க மாட்டார்கள், அதனால் நாங்கள் கீழே கார் பார்க்கில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினோம்.

முதலில் மணல். விளையாட்டு என்று பார்த்தால் மணலை அடிக்க ஒன்றும் இல்லை, இதை நான் மறைக்கப் போவதில்லை. ஈரமணல் டிப்பரில் கனமாக உட்காரும், சாய்த்தால் ஒரேயடியாகச் சரியும், குவித்தால் மலை நிற்கும், சுரங்கம் தோண்டினால் கொஞ்ச நேரமாவது இடியாமல் இருக்கும். பிரச்சினை எடையில். பிள்ளைகள் குளிக்கும் காற்றடிக்கிற தொட்டி ஒன்றை அரைகுறையாக நிரப்பவே 150 லீட்டராவது வேண்டும். காய்ந்த மணல் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 1,600 கிலோ, அப்படியென்றால் அந்தத் தொட்டிக்குள் போவது 240 கிலோ, கிட்டத்தட்ட ஐந்து மூட்டை சீமெந்து. நனைத்தால் இன்னும் கூடும். ஹாட்வெயாரில் கேட்டால் கியூப் கணக்கில்தான் பேச்சைத் தொடங்குவார்கள், ஒரு கியூப் என்பது 100 கன அடி, நாலரைத் தொன் வரும். உரப்பையில் கட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம், தருவார்கள். கொண்டுவந்து இறக்குவதும் எப்படியோ நடந்துவிடும், ஏனென்றால் பார்ட்டிக்கு முதல்நாள் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும்.

மறுநாள்தான் சிக்கல். என்னுடைய முடிவு முழுக்க இந்த மறுநாளை வைத்துத்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கேக் தின்றாயிற்று, பலூனை உடைத்தாயிற்று, மாமி மாமாமார் போய்விட்டார்கள், இப்போது கார் பார்க்கில் 240 கிலோ ஈரமணல் நிற்கிறது. யாருக்குக் கொடுப்பீர்கள்? எங்கள் பக்கத்துக் குப்பை வண்டி மணல் மூட்டையைத் தொடாது. பிளாஸ்டிக் துண்டும் கேக் துகள்களும் கலந்த அரைப்பை மணலை எந்த மேசனும் பூச்சு வேலைக்கு வாங்க மாட்டார். பல்கனிக்கு ஏற்றலாமென்றால், லிஃப்டில் ஏற்ற செக்யூரிட்டி விடவேண்டும், ஏற்றிய பிறகு அந்தப் பாரத்தை பல்கனியின் ஒரே மூலையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கீழேயே தொட்டியோடு விட்டால் முதல் இரவே பூனைகள் கண்டுபிடித்துவிடும், அதற்குப் பிறகு அது பிள்ளைகள் கை வைக்கிற மணல் இல்லை. மழை பெய்தால் இன்னொரு தலைவலி: அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் மணல் நீரைக் குடித்து நிறைந்தபின் மேலே தெளிந்த தண்ணீர் தேங்கும். ஈடிஸ் நுளம்புக்கு அதுவே போதும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக அதற்கு ஏழெட்டு நாள், பத்து நாள்தான் வேண்டும். 2017இல் நாட்டில் 186,000க்கு மேல் டெங்கு நோயாளர்கள் பதிவான ஆண்டை மறந்தவர்கள் கொழும்பில் குறைவு, வீட்டு வளவில் குடம்பி கண்டால் வழக்குப் போடுவதற்குச் சட்டமும் 2007இலிருந்து இருக்கிறது.

இதே காரணத்துக்காக, பழைய டயருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து அடுக்கும் அலங்காரத்தையும் வேண்டாம் என்றேன். படத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டயரைப் போல் தண்ணீரை ஒளித்து வைக்கிற சாமான் வேறில்லை.

“கடல் பக்கத்தில்தானே, ரயில் பாதையைத் தாண்டினால் மணல், இரண்டு பை அள்ளி வந்தால் என்ன?” என்று வீட்டில் ஒரு மாமா கேட்டார். கரையோர மணலை அனுமதியில்லாமல் அகற்றுவது 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும், உப்பு மணல் உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டும், விளையாட்டு வண்டியின் இரும்பு அச்சு துருப்பிடிக்கும், உடைந்த போத்தல் துண்டும் நாய்க்கழிவும் அதில் இல்லையென்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கல் உடைக்கிற இடத்துத் தூளையும் சிலர் சொல்வார்கள். நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கெடுதி, பிள்ளைகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அரிசி, பருப்பு, கடலை, பாஸ்தாவுக்கு நிறம் போட்டுத் தட்டில் பரப்பிக் கொடுப்பது இப்போது எல்லா வீடியோவிலும் வருகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் வரிசையில் நின்ற நமக்கு அரிசியைக் கொட்டி விளையாட மனம் வராது, அம்மம்மா பார்த்தால் அதோடு பார்ட்டி முடிந்தது. அதைவிடப் பெரிய காரணம் மூக்கு. காய்ந்த கடலையோ பயறோ மூக்குத் துவாரத்துக்குள் போனால் ஈரத்தில் ஊதும், பிறகு காது மூக்கு தொண்டை டொக்டரிடம்தான் ஓட வேண்டும். கைனெட்டிக் சாண்ட் நல்ல பொருள், 98 வீதம் மணலும் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெயும், கையிலும் ஒட்டாது. மூன்று நாலு பிள்ளைகள் மேசையில் இருந்து விளையாட அது அருமை, பத்துப் பன்னிரண்டு பேர் தோண்டும் குழிக்கு வாங்கினால் பேர்ஸ் காலி. பிளாஸ்டிக் பந்து, இரண்டு வயதுக்குக் கீழே என்றால் சரி.

இனித் தும்புத் தூள். தேங்காய் மட்டையில் தும்பு உரித்த பிறகு மிஞ்சுகிற தூள்தான், குருநாகல், புத்தளம், சிலாபம் பக்கத்துத் தும்பு மில்களில் ஒரு காலத்தில் மலையாகக் குவிந்து கிடந்த கழிவு, இப்போது அழுத்திக் கட்டியாக்கி வெளிநாட்டுப் பண்ணைகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். பூக்கன்று விற்கும் இடங்களில் 5 கிலோ கட்டியாகக் கிடைக்கும். ஒரு கட்டியைத் தொட்டியில் வைத்து இருபது இருபத்தைந்து லீட்டர் தண்ணீர் ஊற்றினால் ஊதி ஊதி 60, 70 லீட்டர் ஆகிவிடுகிறது. அதாவது மேலே சொன்ன 150 லீட்டருக்குப் பதினைந்து கிலோவுக்குள் வேலை முடிகிறது, முச்சக்கரவண்டியில் காலடியில் வைத்துக் கொண்டுவரலாம். மகனுக்கு இந்த ஊதுகிற வேலையே பாதிப் பார்ட்டி. முதல்நாள் மாலையில் செய்து வைத்தால் நல்லது, கொஞ்சம் வெந்நீர் கலந்தால் சீக்கிரம் உதிரும்.

தண்ணீர் அளவுதான் நுணுக்கம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் ஜேசிபி கிள்ளினால் கிள்ளின மாதிரி வரும், டிப்பரில் குவியும், கொட்டும்போது மணல் மாதிரிச் சரியாமல் கட்டிகட்டியாக விழும். மண் வெட்டின இடம் மாதிரியே பார்வைக்கும் இருக்கிறது, கரும்பழுப்பு. கனம் இல்லாததால் சின்னக் கைகளுக்கு வாளி தூக்கவும் இலகு. கோபத்தில் ஒருவர் மேல் ஒருவர் எறிந்தாலும் மணல் அளவுக்குக் கண்ணை உறுத்தாது என்று நினைக்கிறேன், பரிசோதித்துப் பார்க்கவில்லை.

குறையும் உண்டு. சாயம் விடும். தும்புத் தூளின் கறை வெள்ளைச் சட்டையில் பழுப்பாகப் பிடிக்கும், பழைய உடுப்பு போட்டு விடுங்கள் என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் நம் ஆட்கள் பிறந்தநாள் என்றால் புது ஃப்ரொக்கில்தான் கூட்டி வருவார்கள். அதற்கு நாங்கள் செய்தது, புறக்கோட்டையில் வேலையாட்களுக்கு விற்கும் மஞ்சள் வெஸ்ட்டைப் பெரியவர்கள் சைஸிலேயே வாங்கியது. பிள்ளைகளுக்கு முழங்கால் வரை தொங்கியது, தீமுக்கும் ஆயிற்று, ஏப்ரனுக்கும் ஆயிற்று.

இன்னொன்று, கேக். இந்தத் தீமுக்கு சொக்கலேட் பிஸ்கட் புடிங் செய்து, மேலே பிஸ்கட்டை நொறுக்கித் தூவி, அதன் மேல் குட்டி டிப்பரை நிறுத்துவது எல்லோரும் செய்வது, ஐசிங் கேக் போல் நம் ஊர் வெக்கையில் வியர்த்து வழியாது என்பதால் நானும் அதன் கட்சிதான். ஆனால் தும்புத் தூள் வைத்தால் அந்தத் தூவலை விட்டுவிடுங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுதான். இங்கே மண்ணைத் தின்னலாம், அங்கே தின்னக் கூடாது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு விளக்கிக் கொண்டிருக்க முடியாது. புடிங்கின் மேல் மஞ்சளாக ஏதாவது போடுங்கள்.

தூளுக்குள் புதைக்கிற சாமான் எதுவானாலும் டொய்லெட் ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற அளவென்றால் வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்கிற அளவுக் குழாயின் விட்டம் அதைவிடச் சின்னது, 3.17 சென்டிமீட்டர். அட்டைக் குழாயை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு. உடைந்த பலூன் துண்டுகளையும் உடனே பொறுக்கிவிடுங்கள், தொண்டையில் அடைப்பதில் அதுதான் மோசம்.

பார்ட்டி முடிந்ததும், தூளுக்கு அடியில் விரித்திருந்த தறப்பாளின் நாலு முனையையும் பிடித்துத் தூக்கிச் சாக்கில் கொட்டினோம், சிந்தியதைத் தும்புத்தடியால் கூட்டினோம், டைல்ஸில் கீறல் இல்லை. கானுக்குள் மட்டும் கழுவி விடாதீர்கள், அடைக்கும். மிச்சம் பல்கனியில் கறிவேப்பிலைக்கும் ரம்பைக்கும் செவ்வரத்தைக்கும் போனது, கேட்ட அயலவருக்கும் கொடுத்தோம், ஒரு மூட்டை மணலைக் கேட்டு யாரும் கதவு தட்டியிருக்க மாட்டார்கள். தனியாகச் சாடியில் நிரப்பாமல் மண்ணோடும் கூட்டெருவோடும் கலவுங்கள், அதில் சத்து பெரிதாக இல்லை. கட்டி வாங்கும்போதே கழுவிய தூளா என்று கேளுங்கள், கழுவாததில் உப்பு கூடுதலாக இருந்தால் செடி வாடும். தொட்டியையும் உரைத்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், ஈடிஸ் முட்டை விளிம்பில் காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும்.

எனக்கு நிச்சயமில்லாத இடம் இழுப்பு. எங்கள் கூட்டத்தில் வீசிங் உள்ள பிள்ளை யாரும் இருக்கவில்லை. ஈரமாக இருக்கும்வரை தூசி பறக்காது, ஓரங்களில் காய ஆரம்பித்தால் பறக்கும், அதனால் பக்கத்தில் ஒரு தண்ணீர் ஸ்ப்ரே வைத்திருந்தோம். அப்படிப் பிள்ளை வருவதாக இருந்தால் தாயிடம் முன்னமே கேளுங்கள், அவருக்குத் தயக்கம் என்றால் மணலே மேல். ஈரத் தூளை மூடி வைத்து அடுத்த பிறந்தநாளுக்கும் பாவிக்கலாமா என்றும் சிலர் கேட்டார்கள். நான் வைத்துப் பார்க்கவில்லை, நம் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும் என்றுதான் என் ஊகம்.

முற்றம் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எடைக் கணக்கு எதுவும் பொருந்தாது. தெஹிவளையிலோ கல்கிசையிலோ சொந்த வளவு இருந்தால் யோசிக்காமல் ஆற்றுமணலை வாங்கி, நாலு பலகை அடித்து, தண்ணீர் வடிய அடியைத் திறந்தபடி விட்டு, பூனைக்காக மேலே ஒரு மூடியும் போடுங்கள். பார்ட்டி முடிந்த பிறகும் அந்தப் பிள்ளை அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு அதற்குள்தான் இருக்கும். அந்த வசதி இருந்திருந்தால் நானும் தும்புத் தூள் பக்கம் போயிருக்க மாட்டேன்.