வளர்ச்சித் தாமதம்: எந்தச் சோதனை எங்கே சறுக்கும்?

குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டென்வர், ஏஎஸ்க்யூ, பெட்ஸ், பெய்லி ஆகிய நான்கையும் 'வளர்ச்சி டெஸ்ட்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். முதல் மூன்றும் மேலும் பார்க்க வேண்டிய குழந்தைகளைப் பிரித்தெடுக்கும் சல்லடைகள், கடைசியது வளர்ச்சியை அளந்து சொல்லும் தராசு. சல்லடையில் தங்கியதை 'தாமதம்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவது ஒரு தவறு. வருகிற குழந்தைகள் எல்லோரையும் தராசில் ஏற்றப் பார்ப்பது இன்னொரு தவறு, ஏனென்றால் அதற்கு ஆளும் நேரமும் எங்குமே போதாது. ஆகவே 'எது நல்ல டெஸ்ட்' என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் தவறும், அந்தத் தவறை நம்மால் தாங்க முடியுமா என்று பார்ப்பதே உதவும்.

டென்வர் 2

1967-இல் வந்த பழைய டென்வர் சோதனையைத் திருத்தி 1992-இல் வெளியிட்டார்கள். பிறந்தது முதல் ஆறு வயது வரை 125 செயல்கள், ஒரே தாளில். பெருந்தசை (நடப்பது, ஓடுவது), நுண்தசை (விரல் வேலை), மொழி, சமூகப் பழக்கம் என நான்கு பகுதிகள். ஒவ்வொரு செயலும் ஒரு பட்டை. ஒப்பீட்டுக்கு எடுத்த குழந்தைகளில் 25, 50, 75, 90 சதவீதம் பேர் அந்தச் செயலை எந்த வயதில் செய்தார்கள் என்பது அந்தப் பட்டையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். குழந்தையின் வயதில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிட்டு, கோடு தொடுகிற செயல்களையும், ஒவ்வொரு பகுதியிலும் கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள மூன்றையாவது செய்யச் சொல்ல வேண்டும். ஒரு செயலுக்கு மூன்று வாய்ப்புகள். சிவப்புக் கம்பளி நூல், கிலுகிலுப்பை, ஒரு அங்குலக் கட்டைகள், சிறு பாட்டில், மணி, பந்து போன்ற சில சிறு பொருட்கள் போதும். 10 முதல் 20 நிமிடத்தில் முடியும்.

முழுக்க இடப்பக்கம் கிடக்கும் பட்டையில் தவறினால் அது 'தாமதம்'. கோடு 75-க்கும் 90-க்கும் நடுவே ஓடும் பட்டையில் தவறினாலோ மறுத்தாலோ 'எச்சரிக்கை'. ஒரே ஒரு தாமதம் அல்லது இரண்டு எச்சரிக்கை வந்தாலே 'சந்தேகம்' என்று முடிவாகும். ஓரிரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

பட்டைகளைப் பார்த்ததும் பெற்றோருக்குப் புரிந்துவிடும், அது இதன் பெரிய பலம். பலவீனமும் பெரியதுதான். அதே 1992-இல் வந்த ஆய்வு ஒன்று, தாமதமுள்ள குழந்தைகளில் 83 சதவீதத்தை இது பிடித்தது, ஆனால் சரியாக வளரும் குழந்தைகளில் 43 சதவீதத்தைத்தான் 'சரி' என்று விட்டது என்று கண்டது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 குழந்தைகளில் 100 பேருக்கு உண்மையில் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 83 பேர் பிடிபடுவார்கள். கூடவே பிரச்சினையே இல்லாத 513 பேரும் சிக்குவார்கள். மேல் சோதனைக்கு அனுப்பும் 596 பேரில் ஏழில் ஒருவருக்குத்தான் உண்மையான தாமதம். மீதிப் பேர் வீட்டில் சில வாரம் தூக்கம் கெடும்.

ஏஎஸ்க்யூ-3

இதில் சோதிப்பவர் பெற்றோர். ஒரு மாதம் முதல் ஐந்தரை வயது வரை 21 படிவங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து துறை, துறைக்கு ஆறு கேள்வி. 'ஆம்' 10, 'சில நேரம்' 5, 'இன்னும் இல்லை' 0, ஆக ஒரு துறைக்கு உச்சம் 60. நிரப்ப 10–15 நிமிடம், கூட்டிப் பார்க்க இரண்டு மூன்று நிமிடம்.

வெட்டுப்புள்ளி (மதிப்பெண் இதற்குக் கீழே போனால் மேல் சோதனை) துறைக்குத் துறை மாறும் என்பதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 24 மாதப் படிவத்தில் பேச்சுத் தொடர்புக்கு 25.17, பெருந்தசைக்கு 38.07. ஒரே குழந்தை இரண்டிலும் 35 வாங்கினால், பேச்சில் அது 'கவனித்துக்கொண்டே இரு' என்ற இடைப்பகுதி, பெருந்தசையிலோ மேல் சோதனைக்கு அனுப்ப வேண்டிய எண். மொத்தத்தைக் கூட்டி '300-க்கு 230' என்று எழுதித் தருவதைப் பார்க்க முடிகிறது. அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. நாலு துறையில் நிறைய வாங்கிய குழந்தையின் பேச்சுத் தாமதம் அந்தக் கூட்டலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு சறுக்கல், செய்து பார்க்காமலே டிக் அடிப்பது. கத்தரிக்கோலைக் கையில் தொட்டே இராத குழந்தைக்கு 'இன்னும் இல்லை' என்று போட்டால் 0 விழும். அது திறமைக் குறைவா, வாய்ப்புக் குறைவா என்று படிவம் சொல்லாது. கொடுத்துப் பார்த்துவிட்டு நிரப்பச் சொல்ல வேண்டும். முடியவே முடியாத கேள்வியை வெறுமையாக விடலாம். ஒரு துறையில் இரண்டு வரை விடுபட்டால் பதில் வந்தவற்றின் சராசரியைப் போட்டுச் சரிசெய்யலாம், மூன்று விடுபட்டால் அந்தத் துறைக்கு மதிப்பெண்ணே போடக் கூடாது. தவழ்வது மாதிரி, வளர்ந்து தாண்டிவிட்ட செயலுக்கு 'ஆம்' என்றே குறிக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்துக் கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை என்பதால் பலர் படிப்பதே இல்லை. காது கேட்கிறதா என்ற சந்தேகமும், 'முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை' என்று பெற்றோர் எழுதும் வரியும் அங்கேதான் வரும். கற்றதை இழக்கும் குழந்தையை, எல்லாத் துறையிலும் 60 இருந்தாலும், அன்றே மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பெட்ஸ்

மிகச் சிறியது: பத்தே கேள்வி, ஐந்து நிமிடம், பிறந்தது முதல் எட்டு வயது வரை. குழந்தை என்ன செய்கிறது என்று கேட்காமல், பெற்றோருக்கு எதில் உறுத்தல் என்று கேட்கிறது. எந்த வயதில் எந்த உறுத்தல் தாமதத்தை முன்கூட்டிச் சொல்லும் என்ற பட்டியல் அதிலேயே உண்டு. அப்படிப்பட்டவை இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் மேல் சோதனை, ஒன்று இருந்தால் இரண்டாவது சல்லடை. 'கொஞ்சம்' என்ற பதிலையும் 'ஆம்' என்றுதான் எண்ண வேண்டும்.

மொழிபெயர்ப்பில்தான் இது சொதப்பும். 'ஏதாவது கவலை இருக்கிறதா?' என்றால் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று பதில் வந்துவிடும். 'அவன் பேசுவது, புரிந்துகொள்வது பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்டால் வாய் திறப்பார்கள். வாசிக்கத் தெரியுமா என்று தெரியாதபோது தாளை நீட்டாமல் வாசித்துக் காட்டுவதே சரி.

எம்-சாட்டின் திருத்திய பதிப்பு (எம்-சாட்-ஆர்) இந்த வரிசையில் சேராது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தை மட்டும் தேடும் 20 கேள்விகள் அது. 0–2 வந்தால் கவலை குறைவு, 3–7 வந்தால் தொடர் கேள்விகள், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே மேல் சோதனை. நடுவில் வரும் தொடர் கேள்விகளைத் தாண்டிக் குதிப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. அதனால் வீணாக அனுப்பப்படுபவர்கள் கூடுகிறார்கள்.

பெய்லி: தராசு

பயிற்சி பெற்றவர் 30 முதல் 90 நிமிடம் குழந்தையோடு உட்கார்ந்து செய்வது இது. 2006-இல் வந்த மூன்றாம் பதிப்பு 1 முதல் 42 மாதம் வரை. நான்காவது 2019-இல் வந்தது. சராசரி 100, விலகல் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15. ஆகவே 70-க்குக் கீழே என்றால் இரண்டு விலகல் கீழே. ஐந்து வயதுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில் இந்த அளவுக்குப் பின்தங்கினால்தான் பொதுவாக 'முழுமையான வளர்ச்சித் தாமதம்' என்ற பெயர்.

மூன்றாம் பதிப்பின் விதி எளிது, ஆனால் கறாரானது. வயதுக்கு உரிய எழுத்து குறித்திருக்கும் செயலில் தொடங்க வேண்டும். முதல் மூன்றில் ஒன்று தவறினாலும் முந்தைய வயதின் தொடக்கத்துக்குப் பின்வாங்க வேண்டும். தொடர்ந்து ஐந்து பூஜ்யம் வந்தால் நிறுத்தம். களைத்த குழந்தை மூன்றைத் தள்ளிவிட்டதுமே 'போதும்' என்று முடித்துவிட்டால் மதிப்பெண் பொய்யாகக் குறையும். அம்மா மடியிலிருந்து விரலால் காட்டிக் கொடுத்தால் பொய்யாகக் கூடும்.

தராசும் ஒரு பக்கம் சாயக்கூடியதே. மூன்றாம் பதிப்பு முந்தையதைவிட உயர்வான எண்களைத் தருகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. 2010-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, அது தாமதத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்றே சொன்னது. 78 வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கோப்பை மூடுவது சரியல்ல. அறிவாற்றல் பகுதியின் அடிமட்டம் 55, அதற்குக் கீழே எவ்வளவு என்று இதில் அளக்க முடியாது. வேறு மொழிக் குழந்தைக்கு வாய்மொழியாக மொழிபெயர்த்துச் செய்துவிட்டு அச்சிட்ட அட்டவணையில் எண் பார்ப்பதும் கூடாது. அங்கே வரும் மொழி மதிப்பெண் அந்தக் குழந்தையுடையது அல்ல.

எல்லாவற்றையும் கவிழ்க்கும் ஒரு கணக்கு

வயதைத் தவறாகப் போட்டால் எந்தச் சோதனையும் வீண். 20-11-2023 அன்று, எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையை 5-3-2025 அன்று பார்க்கிறோம். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக் கழித்தால் 15 மாதம் 15 நாள். இரண்டு மாதத்தைக் குறைத்தால் 13 மாதம் 15 நாள். ஏஎஸ்க்யூவில் முதல் வயதுக்கு 16 மாதப் படிவம், திருத்திய வயதுக்கு 14 மாதப் படிவம். தவறான படிவத்தில் அதே குழந்தை 'தாமதம்' ஆகிவிடலாம். ஏஎஸ்க்யூவில் மூன்று வாரம் அல்லது அதற்கு மேல் முன்னதாகப் பிறந்திருந்தால் இந்தத் திருத்தம் உண்டு, 24 மாதம் வரை. டென்வரில் இரண்டு வாரத்துக்கு மேல் என்பது கணக்கு, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு.

எதை எடுப்பது?

கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்றால் ஏஎஸ்க்யூ. காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். எழுத வாசிக்கச் சிரமப்படும் பெற்றோர் அதிகம் என்றால் பெட்ஸை வாய்வழி கேட்டு, ஒற்றை உறுத்தல் வந்தவர்களுக்கு மட்டும் ஏஎஸ்க்யூவை உட்கார்ந்து நிரப்பலாம். டென்வரைப் பெற்றோருக்குப் படம் காட்டி விளக்க வைத்துக்கொள்ளலாம், அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவை அதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம். ஒரே தடவையில் திருப்திப்படவும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 9, 18, 30 மாதங்களில் பொதுச் சல்லடையும், 18, 24 மாதங்களில் ஆட்டிசத்துக்குத் தனியாகவும் சொல்கிறது. 9 மாதத்தில் பேச்சைப் பற்றி அறிய அதிகம் இருக்காது, 30 மாதத்தில் அதுவே முதலில் தெரியும்.

சல்லடையில் தங்கியவுடன் பெய்லிக்கு வரிசையில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். அந்த இடைவெளியில் செவித்திறன் சோதனையை முடித்துவிடலாம். காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு எடுத்த மொழி மதிப்பெண்ணை, கேட்கும் கருவி பொருத்திய பிறகு மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.