அப்பாவின் டார்ச் லைட்டும் வேலூர் வெயிலும்

இந்த மே மாதம் கனடாவின் கால்கரியிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். வேலூர் பக்கம் கிராமம், கத்திரி வெயில், பகலில் 41, 42 டிகிரி. இரண்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கிக் கொடுத்த டார்ச் லைட்டோடுதான் அப்பா ராத்திரி மோட்டார் போடப் போகிறார். "பத்து நிமிஷத்துல மங்கிடுதுப்பா" என்றார். பாம்பு கிடக்கிற வரப்பு. எனக்குப் பகீரென்றது.

கால்கரியிலும் மைனஸ் 25-இல் லைட் மங்கும். குளிரில் லைட்டின் பேட்டரி செல்லுக்குள் ரசாயன வேலை மந்தமாகி, மின்தடை கூடி, வோல்ட் இறங்கிவிடும். கோட்டுப் பையில் கொஞ்ச நேரம் வைத்தால் பழையபடி எரியும். உறைகுளிரில் சார்ஜ் மட்டும் போடக் கூடாது. வெயிலில் லைட் நன்றாகவே எரியும், ஆனால் செல்லின் ஆயுள் கரைந்துகொண்டே இருக்கும், போனது திரும்பாது. ஃபுல் சார்ஜில் சூடான இடத்தில் கிடந்தால் இன்னும் வேகமாகப் போகும். அப்பா வைத்திருந்ததோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மோட்டார் ரூமில், எந்நேரமும் சார்ஜரில்.

முதலில் ஆன்லைனில் ஒரு செல் வாங்கினேன். மேலே 9900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று போட்டிருந்தது. டார்ச்சில் போடுகிற இந்த 18650 அளவில் (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம்) நல்ல செல்லே 3500 வாக்கில்தான் நிற்கும். எடையும் 45 கிராம் வாக்கில் இருக்க வேண்டும். இது கையில் தக்கை மாதிரி இருந்தது. பணத்தைத் திரும்ப வாங்க மூன்று தடவை போன் பண்ண வேண்டியிருந்தது.

அப்புறம் வேலூர் டவுனில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. அங்கிருந்த தம்பி பழைய செல்லைக் கழற்றி மீட்டர் வைத்தார். 4.1 வோல்ட். "பாத்தா நல்லாத்தான் சார் தெரியும், லோடு குடுத்துப் பாருங்க" என்று ஒரு பல்பைச் சேர்த்தார். முள் சரசரவென்று 3-க்குக் கிட்டே விழுந்தது. சூட்டில் உள்தடை ஏறிப்போயிருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். புது செல்லைப் போட்டு, துரு ஏறிய ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். தேய்த்ததற்குக் காசு வாங்கவில்லை. அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது டார்ச் லைட் நடுவீட்டு மாடத்தில் இருக்கிறது. மண் சுவர், மத்தியானத்திலும் தொட்டால் குளிர்ச்சி. பொழுது சாய்ந்த பிறகுதான் சார்ஜ். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அப்பாவோடு கிணறு வரைக்கும் போய்த் திரும்பினேன். வெளிச்சம் குறையவே இல்லை.