யூமிக்-1 அளவீட்டு மைக்கும் என் பத்தடி உயர அறையும்

அறையில் பாஸ், அதாவது தாழ்ந்த சுர ஒலி, இரைச்சலாகக் கேட்கிறது, ஆம்ப்ளிஃபையரை மாற்றினால் சரியாகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஆகாது. ஏன் என்பதைச் சில ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும், ஒலியை அளப்பதற்கான மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 மைக்கை முன்வைத்துச் சொல்கிறேன்.

மைக்கைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. மடிக்கணினியில் செருகி, அதன் வரிசை எண்ணுக்கு உரிய திருத்தக் கோப்பை இறக்கி, அறையின் ஒலியை அளக்க இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருளில் ஏற்றிவிட்டால் அளக்கத் தொடங்கிவிடலாம். மின்விசிறியை மட்டும் நிறுத்தியாக வேண்டும். நான் எதிர்பாராத பயன் அந்த மென்பொருளில் ஒரே அதிர்வெண்ணை விடாமல் ஒலிக்கவிட்டு அறைக்குள் நடந்து பார்த்ததில் கிடைத்தது. 41 ஹெர்ட்ஸில் பின்சுவரை ஒட்டி நின்றால் நெஞ்சை அழுத்தும் ஒலி, அறையின் நடுவுக்கு வரும்போது ஏறக்குறைய இல்லாமலே போய், மேலும் நடந்தால் மீண்டும் எழுகிறது. 80 ஹெர்ட்ஸ் அருகே கேட்டுக்கொண்டிருந்த கரகரப்பு ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, பரணில் அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரங்களிலிருந்து வந்தது என்பதும் அப்படித்தான் தெரிந்தது. இடையில் பழைய துண்டுகளை வைத்ததும் நின்றுவிட்டது.

என் அறை 14 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். பூசிய செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பாஸை உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்புவதால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் தங்கி ஓங்கி, அளவீட்டு வரைபடத்தில் மேடாகத் தெரிகின்றன. 14 அடிக்கு அந்த முதல் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் அடித் தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் சுரமும் அதுவே. சோபாவைப் பின்சுவரிலிருந்து நாலரை அடி முன்னே இழுத்ததும் அந்த மேடும் அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ் மேடும் வரைபடத்தில் நன்றாகவே தணிந்தன. காசு செலவில்லாத இந்த மாற்றத்துக்கு ஈடாக வேறு எந்தச் சாதனமும் என் அறையில் எதையும் செய்ததில்லை.

ஆனால் 57 ஹெர்ட்ஸ் என்னை விட்டபாடில்லை. அகலமும் உயரமும் ஒரே பத்தடியாக இருப்பதால் இரண்டும் அதே அதிர்வெண்ணில் சேர்ந்து ஒலிக்கின்றன. சோபாவை முன்னும் பின்னும் நகர்த்துவதுபோல் கேட்பவரின் காதை மேலும் கீழும் நகர்த்த முடியாது. அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அதை இறக்கினால் என் இருக்கையில் சரியாகிறது, பக்கத்தில் உட்கார்பவருக்குப் பள்ளமாகிவிடுகிறது. கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த சுரம் தரும் இடப்பக்கம்) ஒலி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழுவது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

இதற்கு மருந்து என்று ஒரு கடையில் இரண்டு அங்குல முக்கோண ஃபோம் பலகைகளை என்னிடம் விற்றார்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே ஒன்றரை மீட்டர் நீளம். இரண்டு அங்குல ஃபோம் அதற்கு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். உயர்ந்த சுரங்களை மட்டும் அது உறிஞ்சியதால் வயலின் மங்கியது, பாஸ் இருந்தபடியே இருந்தது. அளந்து காட்டிய பிறகும் அந்தக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட பொருளை பாஸுக்கு என்று சொல்லி விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். மூலைகளில் பிறகு நிறுத்திய தடித்த ராக்வூல் (கனிம இழை) பலகைகள் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே நியாயமாக உழைக்கின்றன, 57இல் சிறிதளவே.

இவ்வளவு பாராட்டிய பிறகும், அகலமும் உயரமும் ஒன்றாக உள்ள அறைக்காரர்கள் இந்த மைக்கை வாங்க வேண்டாம் என்றே இன்று சொல்வேன். தீர்க்க முடியாத குறையை ஒவ்வொரு அளவீட்டிலும் அது துல்லியமாகக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒலி ஒரு நொடியில் கடக்கும் அடிகளில் பாதியான 573ஐ அறையின் நீளத்தாலும் அகலத்தாலும் உயரத்தாலும், அடிக்கணக்கில், தனித்தனியே வகுத்தாலே தொல்லை தரும் அதிர்வெண்கள் ஏறத்தாழத் தெரிந்துவிடும். அதற்கு ஓர் இஞ்ச் டேப் போதும்.