ரீட் ஸ்விட்சா, ஹால் சென்சாரா? லாகருக்கு எது தோது

தேவனாம்பட்டினம் பக்கம் மொட்டை மாடியில் மழைமானி வைத்தாலும், தோட்டத்து போர் குழாயில் நீரோட்டமானி மாட்டினாலும், இரண்டும் டேட்டா லாகருக்கு (அளவுகளைப் பதிந்து வைக்கும் கருவி) அனுப்புவது பல்ஸ்தான், அதாவது குட்டி மின் துடிப்பு. எண்ணினால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பல்ஸ் பிறக்கும் விதம் வேறு வேறு.

டிப்பிங் பக்கெட் மழைமானியில், அதாவது குறிப்பிட்ட அளவு நிறைந்ததும் குட்டி வாளி கவிழும் வகையில், பெரும்பாலும் ரீட் ஸ்விட்ச்: காந்தம் நெருங்கினால் இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொள்ளும் ஸ்விட்ச். வாளி கவிழும்போது காந்தம் அதைத் தாண்டிப் போகும். தொடர்பு ஒரு கணம் மூடித் திறக்கும். இரண்டே வயர், பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டாம், தனி மின்சாரமும் வேண்டாம். பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் லாகருக்கு இதைவிட வசதி கிடையாது. தொல்லை ஒன்று உண்டு: மூடும்போது தகடுகள் துள்ளும். வடிகட்டாமல் விட்டால் ஒரு கவிழ்ப்பு மூன்றாகப் பதிவாகி, தூறலை அடைமழை என்று லாகர் சாதிக்கும். டிபவுன்ஸை (முதல் பல்ஸுக்குப் பிறகு வரும் துள்ளலை லாகர் கண்டுகொள்ளாத நேரம்) 50 மில்லிசெகண்ட் வைத்தால் தீர்ந்தது. மணிக்கு 200 மி.மீ. கொட்டினாலும் 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை கவிழும் வாளி 3.6 நொடிக்கு ஒரு தரம்தான் கவிழும். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் பெய்ததே, அதுகூட சுமார் 2,400 பல்ஸ்தான். ஒவ்வொன்றையும் நேரத்தோடு பதிந்தாலும் மெமரி நிறையாது. (அந்த வேகத்தில் வாளி கொஞ்சம் குறைத்தே காட்டும். அது வாளியின் குறை, லாகர் மேல் பழி போடக் கூடாது.)

ஒன்று முக்கியம்: வயரை பல்ஸ் கவுன்டர் உள்ளீட்டில்தான் கொடுக்க வேண்டும். நொடிக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் சாதாரண டிஜிட்டல் உள்ளீடு பாதிக்கு மேல் தவறவிடும்.

ஹால் சென்சார் (காந்தப் புலத்தை உணரும் சில்லு) நீரோட்டமானியின் கதையே வேறு. தண்ணீர் சுழற்றும் சக்கரத்தின் காந்தம் தாண்டும்போதெல்லாம் அது பல்ஸ் தரும். மூன்று வயர், ஓடும் நேரமெல்லாம் மின்சாரம் குடிக்கும். மலிவான அரை அங்குல மானிகளில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டத்துக்கு 7.5 ஹெர்ட்ஸ் என்பது வழக்கமான கணக்கு. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால் நொடிக்கு 150 பல்ஸ். மழைமானிக்கு வைத்த 50 மில்லிசெகண்டை இங்கேயும் விட்டுவைத்தால் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். இதில் தகடுகளுக்குப் பதில் டிரான்சிஸ்டர், அது துள்ளாது, ஆகவே அந்த வடிகட்டலே இங்கு தேவையில்லை. ஓப்பன் கலெக்டர் வெளியீடாக இருந்தால் சிக்னல் வயரைக் கிரவுண்டுக்கு இழுக்க மட்டுமே அதற்குத் தெரியும். மேலே ஏற்ற ஒரு 10 கிலோ ஓம் புல்-அப் (சிக்னல் வயரை மின்னழுத்தத்தோடு இணைக்கும் ரெசிஸ்டர்) வேண்டும். லாகர் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு என்றால் அதை 3.3 வோல்ட்டில் கொடுங்கள். சில மானிகளில் உள்ளேயே 5 வோல்ட் புல்-அப் இருக்கும். சிக்னல் வயரை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு அப்புறம் இணைப்பது நல்லது, இல்லாவிட்டால் போர்டின் உள்ளீட்டுப் பின் (pin) கெட்டுவிடும்.

மழைக்கு ரீட்தான், யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் விஷயத்திலும் நாள் முழுக்க எவ்வளவு போனது என்பது மட்டும் போதுமென்றால், பத்து லிட்டருக்கு ஒரு பல்ஸ் தரும் ரீட் வாட்டர் மீட்டரையே வாங்குவேன். மோட்டார் ஓடும்போதே ஓட்டம் குறைகிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில்தான் ஹால். அங்கேயும் சிக்னல் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.