கரண்டு போனால் எந்தச் சுறா பிழைக்கும்?

பந்திங் பக்கம் மீன் தொட்டி அடித்துக் கொடுப்பதுதான் எனக்குத் தொழில். "தம்பி, ஹால்ல ஒரு சுறா விடணும்" என்று கேட்டு வருஷத்துக்கு நாலு பேராவது வந்துவிடுவார்கள். அதில் இரண்டு பேர் கேட்பது சுறாவே இல்லை. கடையில் சுறா என்று சொல்லிக் கட்டிக்கொடுக்கிற வெள்ளைக் குஞ்சு பாத்தின் மீன். நன்னீர்க் கெளுத்தி வகை. தெமர்லோவில் தெம்போயாக் (புளிக்க வைத்த டுரியான்) போட்டுக் குழம்பு வைக்கிறார்களே, அந்தச் சாதி. பாலா ஷார்க் என்பது கெண்டைக் குடும்பம். இவற்றை விட்டுவிடுவோம். உப்புத் தண்ணீரில் வாழ்கிற நிஜச் சுறாவில் வீட்டுக்குள் வைக்கிற மாதிரி எது உண்டு என்பதுதான் பேச்சு.

போன மாதம் வந்தவர் ஒரு லோரி கான்ட்ராக்டர். அவருடைய அப்பா கித்தா மரம் சீவிய தோட்டம் பிறகு செம்பனையாகி, அப்புறம் துண்டு போடப்பட்டு, இப்போது வீடமைப்புத் தாமான். அதன் மூலை வீடு இந்த அண்ணனுடையது. ரெடாங் தீவில் முட்டியளவு தண்ணீரில் கருப்பு முனைத் துடுப்போடு சுற்றும் குட்டிச் சுறாக்களைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். "இதேதான் வேணும், எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை." காசு பிரச்சினை இல்லாத ஆளிடம் 'முடியாது' என்று சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே சிரமமான காரியம்.

என்னிடம் சுறா கேட்கிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு பெருசா வளரும்?" என்பது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மீன் படுத்துக்கொண்டே மூச்சு விடுமா, விடாதா? மற்றதெல்லாம், தொட்டியின் வடிவம், பம்பு, லோரியில் ஏற்றி வருவது, கரண்டு போன ராத்திரி, எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

அண்ணன் காட்டிய கருப்பு முனைச் சுறா, அதாவது பிளேக்டிப், படுக்காது. வாயைத் திறந்தபடி முன்னால் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். நிறுத்தினால் மூச்சுத் திணறும். முட்டை போடாது, குட்டி போடும். பிறக்கும்போதே ஓர் அடிக்கு மேல் இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். நாலு மூலை வைத்த கண்ணாடித் தொட்டியில் விட்டால் நாலு வீச்சில் ஒரு மூலை வந்துவிடும், திரும்ப வேண்டும், மறுபடி மூலை. பயந்த சுபாவம் வேறு. யாராவது கதவைப் படார் என்று சாத்தினால் கண்ணாடியில் போய் மூக்கை இடிக்கும். அந்தப் புண் ஆறுவதற்குள் அடுத்த இடி. அதை ஏற்றி வருவதற்கே வட்டமான பெரிய தொட்டி, ஆக்சிஜன், கூடவே ஆள் எல்லாம் வேண்டும்.

பிளேக்டிப்பைத் தொட்டியில் வைக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. பெரிய பொது அக்வேரியங்கள் பல இதை நன்றாகவே வைத்திருக்கின்றன, குட்டியும் போட வைத்திருக்கின்றன. அங்கே தண்ணீர் லட்சக்கணக்கான லிட்டர். கோலாலம்பூர் கே.எல்.சி.சி.யில் 2005-இல் திறந்த அக்வேரியாவில் 90 மீட்டர் சுரங்கப் பாதை போகிறதே, அந்த அளவில் யோசிக்க வேண்டிய மீன் இது. இன்னொன்று: 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மாநாட்டில் பிளேக்டிப்பின் குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எல்லை தாண்டி வருவதென்றால் பெர்மிட் வேண்டும். "ஆள் இருக்கு, கொண்டாந்து தருவான்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் காகிதத்தைக் கேளுங்கள்.

அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. அடுத்து நான் சொன்ன பெயரைக் கேட்டதும் இன்னும் வாடியது. யூ சிச்சாக்.

மலாயில் யூ என்றால் சுறா, சிச்சாக் என்றால் பல்லி. மீன் பசாரில் ஐஸ் மேல் கிடக்கும் ஒல்லியான பழுப்புச் சுறா அது. எங்கள் அம்மா அதைத்தான் அவித்து, தோலை உரித்து, மஞ்சள் போட்டுப் பிசிறிப் புட்டு செய்வார். பிள்ளை பெற்றவர்களுக்கு நல்லது என்று பக்கத்து லயத்துக்கும் ஒரு கிண்ணம் போகும். "அதையா ஹால்ல வைக்கிறது? வர்றவன் சிரிப்பான்யா" என்றார் அண்ணன். ஆங்கிலத்தில் பேம்பூ ஷார்க் என்று சொன்னால் முகம் கொஞ்சம் தெளியும், அதே மீன்தான்.

என் கணக்கில் இந்த நாட்டு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சுறா குறைவு. பகலெல்லாம் பாறைக்கு அடியில் படுத்திருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை இருக்கிறது. அது வழியாகவும் தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பும். அதனால் நீந்த வேண்டிய கட்டாயம் இல்லை. கடலில் வற்று நேரத்தில் குட்டையில் மாட்டிக்கொண்டு பழகிய இனம். தண்ணீருக்கு வெளியே 12 மணி நேரம் வரை கூடத் தாங்கும் என்று பதிவு உண்டு. இதை நம்பி யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

சோதனை எனக்குத் தானாகவே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், கேரித்தீவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டுத் தொட்டி. சாயங்கால மழை, இடி, ஏரியா முழுக்கக் கரண்டு போய்விட்டது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு வைத்திருந்தேன். பேட்டரி செத்து எத்தனை நாளோ, பார்க்காமல் விட்டது என் தப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பதினொன்று. டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே நாலு மீன் வயிறு தெரிய மிதக்கிறது. கீழே மணலில் யூ சிச்சாக் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. தொண்டைக்கு அடியில் தோல் மட்டும் வேகமாக ஏறி இறங்குகிறது. கையால் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு மணிக்குக் கரண்டு வந்தது. காலையில் இரண்டும் இறால் தின்றன. பிளேக்டிப் இருந்திருந்தால் முதலில் செத்தது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. குட்டியாக இருக்கும்போது வெள்ளைக்கும் கருப்புக்குமாகப் பட்டை போட்டு அவ்வளவு அழகாக இருக்கும். வளர வளரப் பட்டை மங்கி, பசாரில் கிடக்கும் அதே பழுப்பாகிவிடும். வாங்கியவர் ஏமாந்த மாதிரி என்னைப் பார்ப்பார். ஒரு மீட்டர் வரை நீளும். ஆறடித் தொட்டியில் விட்டுவிட்டு "அப்புறம் பெருசு வாங்கிக்கலாம்" என்கிறவர்கள் வாங்கிய கதையை நான் கண்டதில்லை. கூட விட்ட சின்ன மீன், நண்டு, இறால் எல்லாம் ராத்திரியில் காலி. பாறையைக் கண்ணாடித் தரையில் உட்கார வைக்காமல் மணல் மேல் வைத்தால் அடியில் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும்.

இதை முட்டையாக வாங்கி வளர்ப்பதுதான் என்னைக் கேட்டால் சரியான வழி. வலையில் அடிபட்ட பெரிய மீனை வாங்கித் தேற்றுவது வேண்டாத பாடு. உள்ளங்கை நீளத்துக்குப் பழுப்புத் தோல் பை மாதிரி இருக்கும். பின்னால் டார்ச் பிடித்தால் மஞ்சள் கருவும் அதில் ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டும் குஞ்சும் தெரியும். வால் ஆடினால்தான் பைக்குள் புதுத் தண்ணீர் வரும். 2013-இல் ஆஸ்திரேலியாவில் இந்த இனத்து முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள்: எதிரி மீன் பக்கத்தில் வந்தால் உண்டாகும் மாதிரி மெல்லிய மின் புலத்தைக் காட்டியதும் உள்ளே இருக்கும் குஞ்சு ஆட்டத்தையும் மூச்சையும் நிறுத்திக்கொள்கிறது. வீட்டில் டார்ச்சோடு உட்கார்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாவதை மறந்துவிடுவார்கள். நாலைந்து மாதத்தில் ஒரு சாண் குஞ்சு வெளியே வரும். முதல் சில நாள் தின்னாது, வயிற்றில் கரு மிச்சம் இருக்கும். பயந்துபோய் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.

பெண் தனியாக இருந்தாலும் முட்டை போடும். பெரும்பாலும் அது வெறும் முட்டை. எப்போதுமே அப்படி என்று சொல்லிவிட முடியாது. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்தில் ஆணையே 45 மாதம் பார்க்காத ஒரு யூ சிச்சாக்கின் முட்டையிலிருந்து குஞ்சு வந்தது. பழைய விந்தை உடம்பிலேயே சேமித்து வைத்திருந்திருக்கிறது. "ஆம்பளை இல்லாம எப்படிய்யா?" என்று கேட்கும் மாமிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி நான் தப்பித்திருக்கிறேன்.

மூன்றாவது, கோரல் கேட் என்கிற சின்னச் சுறா. இதை யாரும் கேட்டு வருவதில்லை, நானாகத்தான் காட்டுவேன். 70 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் என்பதே பாதி வெற்றி. உடம்பு ஒல்லி, கருப்பும் வெள்ளையும் கலந்த சலவைக்கல் புள்ளி, வளர்ந்தாலும் மங்காது. கண் பூனைக் கண். நம் பக்கத்துக் கடலிலேயே இருக்கிற இனம். படுத்தபடி மூச்சு விடும். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. ஏழடித் தொட்டியில் காலம் முழுக்க வைக்கலாம் என்று நான் தைரியமாகச் சொல்வது இது ஒன்றைத்தான். குறை, பகலில் பார்க்கவே முடியாது. விருந்தாளி வந்த நேரம் பாறை இடுக்கில் வால் நுனி மட்டும் தெரியும். அண்ணன் அதைக் கேட்டதும் "அப்ப எதுக்கு?" என்றார். ஹாலில் காட்டுவதற்கு வாங்குகிறவருக்கு இது சரிப்படாதுதான்.

கடைசியாக எபோலெட் சுறா. ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கத்து மீன். துடுப்பை ஊன்றிப் பவளப் பாறைமேல் நடக்கும், தோளில் பெரிய கருப்புப் பொட்டு. ஆக்சிஜன் சுத்தமாக இல்லாமலே ஒரு மணி நேரம் தாங்கும். இந்த விஷயத்தில் யூ சிச்சாக்குக்கே அண்ணன். ஆனால் இறக்குமதி. பக்கத்துக் கடலிலேயே கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் மீன் இருக்கும்போது விமானக் கூலி கொடுப்பானேன் என்பது என் கட்சி. காசு இருக்கிறவர் வாங்கட்டும்.

எதை எடுத்தாலும் தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான். எட்டுக்கு நாலு, இரண்டரை அடி உயரத் தொட்டியில் சுமாராக 2,000 லிட்டர் நிற்கும். அது மட்டும் 2 டன். மாடியில் வைக்கிற பேச்சே வேண்டாம். லிட்டருக்கு 35 கிராம் என்றால் முதல் நாளே 70 கிலோ உப்பு. மோரிப் கடற்கரையில் போய் டிரம்மில் மொண்டு வரலாமே என்பார்கள். அங்கே ஆற்றுத் தண்ணீரும் சேறும் கலந்து காப்பி நிறத்தில் கிடக்கிறது, வேண்டாம். புள்ளி நோய் வந்தால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றினால் சுறாவுக்கு ஆகாது. நைட்ரேட் ஏறவிட்டு அயோடினும் குறைந்தால் தொண்டைக்கு அடியில் கழலை வீங்கும். மணல் பொடியாக இருக்கட்டும், வயிறு தேயக் கூடாது. மூடி கனமாக இருக்கட்டும். உணவு கணவாய், இறால், மீன் துண்டு, வாரத்துக்கு மூன்று நாள் போதும். தினமும் போட்டால் தண்ணீர்தான் கெடும். பம்பு ஒயரில் கரண்டு கசிவு இருந்தால் நமக்கு முன்னால் சுறாவுக்குத் தெரியும், தின்னாமல் மூலையில் ஒதுங்கும்.

அண்ணன் கடைசியில் ஹாலை விட்டுவிட்டார். வீட்டுக்குப் பின்னால் லோரி கழுவும் கொட்டகையில் பாதியை ஒதுக்கி, பன்னிரண்டடிக்கு வட்டமாகச் சிமெண்டுத் தொட்டி கட்டச் சொன்னார். கூரை, ஜெனரேட்டர், இரண்டு காற்றுப் பம்பு. பேட்டரியைப் போன வாரமே நான் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன். யூ சிச்சாக் முட்டை மூன்று தொங்குகிறது. ஒன்றில் வால் ஆடுகிறது, ஒன்றில் இன்னும் தெரியவில்லை, ஒன்று கெட்டுப்போன மாதிரிதான் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுப்பேன்.