பிரேக் பிடித்த காருக்குக் கியர்பாக்ஸ் வைத்தியம்: 3,400 டாலர் போன கதை

கலிஃபோர்னியாவில் பழைய டிராக் ரேஸ் (நேர்கோட்டில் கால் மைல் பாயும் பந்தயம்) கார் வைத்திருப்பவர்கள், அதிலும் ஃபமோசோ ஓடுதளத்தில் நடக்கும் மார்ச் மீட் பந்தயத்துக்கு முன்னால் அவசர அவசரமாக ஒர்க்‌ஷாப் தேடுபவர்கள், இதைப் படித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

என்னுடையது 1966 செவி நோவா. இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், பின்னால் ஃபோர்டு ஒன்பது இன்ச் ஆக்ஸில். கம்பெனியிலிருந்து வரும்போது நாலு வீலிலும் டிரம் பிரேக்தான், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறை. முன்பக்கம் டிஸ்க் போட்டபோது இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் தேவைப்பட்டது. அதை மாட்டிக் கொடுத்ததும் நான் சொல்லப்போகும் அதே ஒர்க்‌ஷாப்தான். சுவர் முழுக்கக் கோப்பைகள், பேச்சில் தேன்.

அதற்கப்புறம் கார் ஒரு மாதிரி ஆனது. முதல் ஓட்டம் பழையபடி இருக்கும். அடுத்த ஓட்டத்தில் கால் மைல் முடிவதற்குள் மூச்சு வாங்கும். ஆர்பிஎம் ஏறுகிறது, அதற்கேற்ற வேகம் இல்லை. கியர்பாக்ஸ் சூடும் கூடியது. கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கன்வர்ட்டர் ஸ்லிப் ஆகுது, கிளட்ச் பிளேட்டெல்லாம் போச்சு" என்றார்கள். கன்வர்ட்டர் என்பது எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். கன்வர்ட்டர் புதிது, கியர்பாக்ஸ் ஓவர்ஹால், பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு இரண்டு யூ ஜாயின்ட் (மூட்டு) என்று பில் போட்டு 3,400 டாலர் வாங்கினார்கள். பந்தயத்துக்குப் போனால் அதே நோய்.

பிட்டில் பக்கத்து இடத்திலிருந்த பெரியவர் நாங்கள் காரைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நியூட்ரல்லதானே இருக்கு? அப்புறம் ஏன் ரெண்டு பேர் மூச்சுத் திணறத் தள்றீங்க?" என்கிற மாதிரி கேட்டார். கேள்வி அவ்வளவுதான், பதிலும் அதிலேயே இருந்தது. நியூட்ரலில் கியர்பாக்ஸ் எஞ்சினோடு பிணைந்து இழுப்பதில்லை. அப்போதும் கார் உருள மறுத்தால் முதல் சந்தேகம் பிரேக் மேல்தான் வரவேண்டும். முன் டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது.

ஜாக்கி போட்டுத் தூக்கினோம். முன் வீல் கையால் சுற்றவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில், ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்ததும் ஆயில் சர்ரென்று பீய்ச்சியடித்தது, வீல் சுற்றியது. அப்படியானால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகவில்லை, அழுத்தம் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே? பின் டயரைச் சுழலவிட்டுச் சூடாக்கும் பர்ன்அவுட்டுக்காக முன் பிரேக்கைப் பிடித்துவைக்கும் லைன் லாக்கிலா, ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்துவிட்டதா, மாஸ்டர் சிலிண்டரிலா? மறுபடி பெடலை மிதித்து இறுக்கிவிட்டு, இந்தத் தடவை மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டிலிருந்து ஒரு மயிரிழை முன்னே இழுத்தார் பெரியவர். வீல் விட்டது. லைன் லாக்கும் ஹோஸும் குற்றமற்றவை.

பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு நீளம் அதிகம். பெடலை விட்டதும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்து, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளையைத் திறந்துவிட வேண்டும். புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் அது நடக்கும். இங்கே இடைவெளியே இல்லை. நூறு மைல் வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக் ஆயில் சூடாகி விரிகிறது, போக இடமில்லை, பிரேக் தானாகப் பிடிக்கிறது. அடுத்த ஓட்டத்தில் எஞ்சின் பிடித்த பிரேக்கோடு மல்லுக்கட்டுகிறது. கன்வர்ட்டர் வழுக்குவதும் கியர்பாக்ஸ் கொதிப்பதும் அதனால்தான். புஷ்ராடு லாக் நட்டைத் தளர்த்தித் திருகியதில் சரியாகிவிட்டது. செலவு பூஜ்யம்.

இதுவரை கூடத் தெரியாமல் செய்த தப்பு என்று விட்டிருப்பேன். ஆனால் நான் இறுக்கும் போல்ட் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுவேன், போல்ட் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை. வீட்டில் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், கன்வர்ட்டர் போல்ட் மூன்றிலும் என் கோடு உடையாமல் அப்படியே இருக்கிறது. கன்வர்ட்டரை மாற்ற அந்த போல்ட்டைக் கழற்றாமல் முடியாது. அதைக் கழற்றாமல் கியர்பாக்ஸும் முறையாக இறங்காது. யூ ஜாயின்டில் பழைய கிரீஸ் கட்டி தட்டி, கப்பைச் சுற்றிச் செந்துரு. புதிதாக இருந்தது கியர்பாக்ஸின் அடித்தட்டு (பேன்) கேஸ்கெட்டும் ஆயிலும் மட்டுமே.

போட்டோக்களோடு போனேன். "பழைய பார்ட்ஸ் குப்பைக்குப் போயிடுச்சு" என்றார்கள். கோடு பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. மேனேஜர் லஞ்சுக்குப் போய்விட்டாராம், மாலை நாலு மணிக்கு!

கலிஃபோர்னியாவில் எஸ்டிமேட் எழுத்தில் தராமல், உங்கள் சம்மதம் வாங்காமல் வேலை தொடங்கக் கூடாது. வேலைக்கு விடும்போதே கேட்டால், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும். கம்பெனிக்குத் திரும்பப் போகவேண்டிய எக்ஸ்சேஞ்ச் பாகமென்றால் கண்ணிலாவது காட்டவேண்டும். அதை ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். மாநிலத்தின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பியூரோவில் பில், போட்டோ எல்லாம் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. கடையின் பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். உங்கள் பில்லில் கன்வர்ட்டர் என்று இருந்தால் முதலில் அந்த போல்ட்டுகளைப் பாருங்கள்.