சுவிட்சு-கெபாசிட்டரா, தொடர்நேரமா?

டர்பனில் பொறியியல் படிக்கும் என் மருமகன், அங்கே தமிழர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியின் காவடியில் உறுமி மேளத்தைப் பதிவுசெய்ய, பேட்டரியில் ஓடும் ஒரு டெல்டா-சிக்மா மாடுலேட்டர் (ஒலி சிக்னலை டிஜிட்டலாக்கும் சுற்று) வடிவமைக்கிறான். அதைச் செய்ய இரண்டு வழி: சுவிட்சு-கெபாசிட்டர், தொடர்நேரம். "எந்த முறை மாமா?" என்று கேட்டான்.

சுவிட்சு-கெபாசிட்டர் முறையில் எல்லாம் கெபாசிட்டர்களின் விகிதம்தான். சிப்பில் அந்த விகிதம் 0.1 சதவீதத்துக்குள் நிற்கும். கிளாக் (சுற்றுக்குத் தாளம் போடும் துடிப்பு) கொஞ்சம் நடுங்கினாலும் தாங்கும். ஆனால் கிளாக்கின் ஒவ்வொரு அரைச் சுழற்சிக்குள்ளும் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் பகுதி) ஓடிப்போய் நிலைகொள்ள வேண்டும். அதற்குக் கரண்டைக் கொட்ட வேண்டும். அப்புறம் வெப்ப இரைச்சல்: 1 பிக்கோஃபாரட் கெபாசிட்டரில் சிக்னலை மாதிரி எடுத்தால் (அந்தக் கணத்து மதிப்பைப் பிடித்து வைத்தால்) சுமார் 64 மைக்ரோவோல்ட் ஒட்டிக்கொள்ளும். குறைக்கக் கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் மறுபடி கரண்ட். (பேட்டரியை வீணாக்கு என்று எப்படிச் சொல்வது?)

தொடர்நேர முறையில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் ஆப்-ஆம்போடு சேர்ந்து இன்டெக்ரேட்டராகின்றன (சிக்னலைத் தொடர்ந்து கூட்டிச் சேர்க்கும் பகுதி). மாதிரி எடுப்பது சுற்றின் கடைசியில், மதிப்பை எண்ணாக்கும் குவான்டைசரில். அதனால் 6.144 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை ஒட்டி வரும் குறுக்கீடு இசைக்குள் மடிந்து விழாமல் சுற்றே வடிகட்டிவிடும்; முதல் முறைக்கோ முன்னால் தனி வடிகட்டி வேண்டும். ஆப்-ஆம்புக்கும் வேலை குறைவு.

தொல்லை இல்லாமலா? ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகளின் பெருக்குத்தொகை சிப்புக்குச் சிப் 20 சதவீதத்துக்கு மேல்கூட மாறலாம், ட்யூனிங் கட்டாயம். பின்னூட்ட டாக்கில் (டிஜிட்டலை மறுபடி அனலாக்காக்கித் திருப்பி அனுப்பும் பகுதி) கிளாக் நடுக்கம் நேராக இரைச்சலாகும். அந்தப் பின்னூட்டத்தில் தாமதம் கூடினால் சுற்றே நிலைகுலையும்.

சரி, பேட்டரிக்காகத் தொடர்நேரமே போடு என்றேன். கிளாக்குக்கு நல்ல கிரிஸ்டலாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.